அங்கொடை முதல் கல்முனை வரை: ஒரு தூரத்தின் வரலாறு

இலங்கையில் ஒருவரைப் பைத்தியம் என்று ஏசுவதற்கு அந்தச் சொல்லே தேவையில்லை. "அங்கொடைக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்றால் போதும். ஓர் ஊரின் பெயரே வசையாகிப் போனது எப்படி என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கல்முனைக் கரையிலிருந்து பார்க்கும்போதுதான் அதற்கு விடை கிடைத்தது.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், 1970களில், அக்கரையோர ஊரொன்றில் கண்ட காட்சி இன்னும் நினைவில் நிற்கிறது. நெசவுத் தொழிலாளியான ஓர் இளைஞரைச் சாரத்தால் கைகளைக் கட்டி வாடகைக் காரில் ஏற்றினார்கள். கொழும்புக்குப் பயணம். முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகம். அவர் திரும்பி வர எட்டு மாதங்களாயின. அதுவரை வீட்டார் எவரும் போய்ப் பார்க்கவில்லை, வழிச்செலவுக்கு வழியில்லை. கொண்டுவந்த மருந்து தீர்ந்தது. நோய் மீண்டும் தலைதூக்கியது. இரண்டாம் முறை அவரை எங்கும் கொண்டு செல்லவில்லை; வீட்டின் பின்னறையில் சங்கிலியிட்டு வைத்திருந்தார்கள். வேளை தவறாமல் சோறு ஊட்டியவரும் அவருடைய உம்மாதான், சங்கிலியின் சாவியை வைத்திருந்தவரும் அவர்தான். அந்தத் தாயைக் கல்நெஞ்சக்காரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சட்டமும் கட்டடமும் நம்மிடம் அன்று இல்லாமலில்லை. ஆங்கிலேயர் 1873இலேயே மனநோயாளரைத் தடுத்து வைப்பதற்கான சட்டத்தை இயற்றினர். அங்கொடை வைத்தியசாலை 1926இல் எழுந்தது. கொழும்பு பொது வைத்தியசாலையில் 1939இல் மனநோய்க்கான வெளிநோயாளர் கிளினிக் ஒன்று தொடங்கப்பட்டது. வீட்டிலிருந்தே வந்து மருந்து பெற்றுத் திரும்பலாம் என்ற எண்ணம் அவ்வளவு பழையது. 1950களில் குளோர்புரோமசின் போன்ற மருந்துகளும், பின்னர் சில வாரங்களுக்கு ஒருமுறை போட்டால் போதுமான ஊசிகளும் வந்தபோது, பலரை அடைத்து வைக்க வேண்டிய காரணமே இல்லாமற் போயிற்று. ஆனால் மாதமொரு ஊசிக்காகக் கல்முனையிலிருந்து கொழும்புக்கு யார் போவார்? மருந்து கண்டுபிடிக்கப்பட்டும் தூரம் குறையவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் ஓதிப் பார்ப்போரும் இசிம் எழுதிக் கட்டுவோரும் பரிகாரிமாரும். அவர்களை இகழ்ந்து எழுத நான் விரும்பவில்லை. வேறெதுவும் கைக்கெட்டாத காலத்தில் அவர்களே அருகில் இருந்தார்கள். பின்னர் போர் வந்தது. சோதனைச் சாவடிகளும், அடுத்தடுத்த தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே எழுந்த அச்சமும் குறுகிய பாதையையும் நெடும்பாதையாக்கின.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் எழுந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று வரிசையாக ஊர்கள் அழிந்தன. இலங்கையில் மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குளிப்பாட்டிக் கபனிட்டு முறையாக அடக்கவும் வழியின்றிப் பலர் மண்ணுக்குள் போயினர். பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அப்போது நாடு முழுவதிலும் இருந்த மனநல மருத்துவ நிபுணர்கள் ஐம்பதுக்கும் குறைவு.

ஆனாலும் ஒரு முன்மாதிரி பக்கத்திலேயே இருந்தது. கடற்கோளுக்கு முன்பே மட்டக்களப்பில் மருத்துவர் மகேசன் கணேசன் ஊர்மட்ட மனநல சேவையைக் கட்டியெழுப்பத் தொடங்கியிருந்தார். 2005இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட தேசிய மனநலக் கொள்கையும், சேவை தலைநகரில் குவியாமல் மாவட்டந்தோறும் பரவ வேண்டும் என்றது. பயிற்சி பெற்ற மனநல வைத்திய அதிகாரிகள் பிரதேச வைத்தியசாலைகளில் கிளினிக் நடத்துவது, ஊரவர்களையே தெரிந்து குறுகிய காலப் பயிற்சியளித்துக் களப்பணிக்கு அனுப்புவது என்று வேலை தொடங்கியது. கடற்கோளுக்கு முன் 10 மாவட்டங்களில் மட்டுமே மனநல சேவைக்கான கட்டமைப்பு இருந்ததென்றும், பின்னர் அது 20 மாவட்டங்களுக்குப் பரவியதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் எழுதியது. அம்பாறை நிர்வாகத்தில் ஒரே மாவட்டமாயினும், சுகாதாரத் துறையில் கல்முனை தனிப் பிராந்தியம் என்பதையும் வாசகர்கள் இங்கு கவனிக்க வேண்டும்.

பத்தாயிரம் ஜனாஸாக்களுக்குப் பிறகுதான் அரசு அந்த இளைஞரின் பின்னறைக்கு அருகில் வந்தது என்பது கசப்பான உண்மை. வந்த பின்னும் ஒரு தூரம் எஞ்சியிருக்கிறது. அது வீட்டு வாசலுக்கும் கிளினிக் வாசலுக்கும் இடைப்பட்டது. "வீட்டில் குமர் இருக்கிறது" என்ற ஒரு வசனத்தில் அது அடங்கும். மகளுக்கு மாப்பிள்ளை வரவேண்டுமானால் தாயின் நோய் வெளியே தெரியக்கூடாது. எனவே பலர் தம் ஊர்க் கிளினிக்கைத் தாண்டி, முகம் தெரியாத தூரத்து ஊருக்குப் போகிறார்கள். அல்லது எங்குமே போவதில்லை.

இதற்கிடையில் துயரங்கள் நிற்கவில்லை. 2019 ஏப்ரலில் குண்டுத் தாக்குதல்களும் சாய்ந்தமருது வெடிப்பும் அதன்பின் வந்த சந்தேகப் பார்வையும். 2020 முதல் 2021 பெப்ரவரி வரை கொரோனாவால் இறந்தோரை எரித்தேயாக வேண்டும் என்ற கட்டாயம். 2022இல் பொருளாதார நெருக்கடியும் மருந்துத் தட்டுப்பாடும். மாதாந்த ஊசியில் நிலைபெற்றிருக்கும் ஒருவருக்கு மருந்து தவறுவது மீண்டும் அந்தப் பின்னறைக்குத் திரும்பும் வழியாகிவிடலாம்.

தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி உதவிச் சேவையின் எண் இன்று 1926. அங்கொடை திறந்த அதே ஆண்டு. ஒருகாலத்தில் கை கட்டிக் கொண்டு செல்லப்பட்ட இடத்தைக் கல்முனை வீடொன்றிலிருந்தே அழைக்கலாம் என்பது சிறிய மாற்றமல்ல. ஆனால் தொலைபேசி ஊசி போடாது. கிளினிக் நாளில் ஒருவர் வரவில்லையென்றால், "ஏன் வரவில்லை, மகன்?" என்று கேட்டு ஓர் ஊழியர் அவருடைய வாசலில் போய் நிற்க வேண்டும். கிளினிக்குகளின் எண்ணிக்கையை அறிக்கைகள் சொல்லும். அப்படிப் போய் நிற்க ஆள் இருக்கிறார்களா என்பதையே நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.