மிக நீண்ட நாள்: ஒரு போர்த் திரைப்படத்தைப் பிள்ளைகளோடு பார்ப்பது எப்படி?



பள்ளி விடுமுறைக் காலங்களில் பெற்றோர் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. பிள்ளைகள் போர்ப்படங்களை விரும்பிப் பார்க்கின்றனர். அவற்றைப் பார்க்க விடலாமா என்பதே அது. பார்க்கட்டும் என்பதே என் விடை. ஆனால், நாமும் உடன் அமர்ந்து பார்க்க வேண்டும். வரலாற்றைப் பேசும் திரைப்படம் ஒரு சாட்சியைப் போன்றது. சாட்சி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். பிறகு குறுக்கு விசாரணையும் செய்ய வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டாக, 1962-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி லாங்கஸ்ட் டே', அதாவது 'மிக நீண்ட நாள்' எனும் திரைப்படத்தைப் பற்றி இக்கட்டுரையில் எழுத விழைகிறேன்.

கடற்கரையில் இறங்கிய படை

1940-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்சு நாடு நாஜி ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் ஜெர்மானியர், ஐரோப்பாவின் மேற்குக் கடற்கரை நெடுகிலும் பீரங்கி மேடைகளையும் கண்ணிவெடிகளையும் முள்வேலிகளையும் அமைத்தனர். அவ்வரணை 'அட்லாண்டிக் சுவர்' என்று அழைத்தனர். 1944-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், அமெரிக்கா, பிரிட்டன், கனடா முதலிய நேச நாடுகளின் படைகள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கின. யூட்டா, ஒமாஹா, கோல்டு, ஜூனோ, சுவார்டு எனும் மறைபெயர்களைக் கொண்ட ஐந்து கடற்கரைகளில் அவை தரையிறங்கின. அதற்கு முன்பே, நள்ளிரவு இருளில், வான்குடை வீரர்கள் குதித்துவிட்டனர். அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 1,56,000 வீரர்கள் கடல் வழியாகவும் வான் வழியாகவும் நார்மண்டியை அடைந்தனர்.

அயர்லாந்தில் பிறந்த கோர்னேலியஸ் ரயன் எனும் செய்தியாளர், அந்நாளைப் பற்றி 1959-இல் ஒரு நூல் வெளியிட்டார். தளபதிகளின் அறிக்கைகளை மட்டும் அவர் நம்பவில்லை. களத்தில் இருந்த வீரர்களையும் பொதுமக்களையும் தேடிக் கண்டுபிடித்து, அவர்களிடம் வினாத்தாள் அனுப்பியும் நேர்காணல் செய்தும் செய்தி திரட்டினார். வாய்மொழி வரலாறு எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பதற்கு அவருடைய உழைப்பு ஒரு நல்ல முன்மாதிரி. அந்நூலையே டேரில் ஸனக் எனும் அமெரிக்கத் தயாரிப்பாளர் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் கருப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். ஜான் வெய்ன், ஹென்றி போண்டா, ராபர்ட் மிட்சம், ரிச்சர்ட் பர்ட்டன், ஷான் கானரி எனப் புகழ்பெற்ற நடிகர்கள் பலர் அதில் நடித்தனர். சிலர் ஓரிரு காட்சிகளில் மட்டுமே தோன்றுவர். தனி நாயகன் என்று ஒருவரும் அப்படத்தில் இல்லை.

சாட்சி உண்மை பேசும் இடங்கள்

இப்படத்தின் முதல் சிறப்பு, அதில் வருவோர் அவரவர் மொழியிலேயே பேசுவதாகும். ஜெர்மானியர் ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சு மொழியிலும் பேச, மொழிபெயர்ப்பு திரையின் அடியில் ஓடுகிறது. இயக்குநர்களும் மூவர். பிரிட்டிஷ் காட்சிகளைக் கென் அன்னகினும், அமெரிக்கக் காட்சிகளை ஆண்ட்ரூ மார்ட்டனும், ஜெர்மானியக் காட்சிகளைப் பெர்னார்டு விக்கியும் இயக்கினர். போர் முடிந்து பதினேழு ஆண்டுகளே கடந்திருந்த நிலையில், எதிரியையும் அச்சமும் ஐயமும் தடுமாற்றமும் உள்ள மனிதனாகக் காட்ட முன்வந்தது பாராட்டத்தக்கது. மொழியை உயிராக மதிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். ஒருவனுடைய மொழியைப் பறித்துக்கொண்டு அவனைத் திரையில் காட்டினால், அவனில் பாதியைத்தான் காட்டியவர்கள் ஆவோம்.

இரண்டாவது சிறப்பு, வரலாற்றில் தற்செயலுக்கு உள்ள பங்கைப் படம் மறைக்கவில்லை. படையெடுப்பு முதலில் ஜூன் 5-ஆம் நாளுக்கே குறிக்கப்பட்டிருந்தது. கடும் காற்றும் அலையும் குறுக்கிட்டதால் தலைமைத் தளபதி ஐசனோவர் அதனை ஒத்திவைத்தார். வானிலை ஆலோசகர் ஜேம்ஸ் ஸ்டாக், புயலுக்கிடையே சிறிது அமைதி பிறக்கும் என்று கணித்துச் சொன்ன பிறகே ஜூன் 6 உறுதியானது. கடலின் வற்றம் தக்க நேரத்தில் அமைய வேண்டியிருந்ததால், அந்நாளைத் தவறவிட்டிருந்தால் ஜூன் 19 வாக்கில்தான் மறு வாய்ப்பு. அந்த ஜூன் 19 அன்றோ கால்வாயில் பெரும்புயல் வீசியது!

அதே வானிலை ஜெர்மானியரை ஏமாற்றியது. இத்தகைய கடலில் எவரும் வரமாட்டார் என்று எண்ணி, கடற்கரைக் காவலுக்குப் பொறுப்பேற்றிருந்த ரோம்மெல், மனைவியின் பிறந்தநாளுக்காக ஜெர்மனிக்குச் சென்றிருந்தார். படையெடுப்பின் முதல் நாள்தான் இரு தரப்பினருக்கும் மிக நீண்ட நாளாக இருக்கும் என்று முன்னரே கூறியவர் அவர். அவருடைய அச்சொல்லே படத்தின் பெயராயிற்று. அந்நாள் விடிந்தபோது அவர் களத்தில் இல்லை. பின்னணியில் நிறுத்தப்பட்டிருந்த கவச வாகனப் படைகளை அனுப்ப ஹிட்லரின் இசைவு தேவைப்பட்டது. ஹிட்லரோ உறங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப எவருக்கும் துணிவில்லை. ஒரே மனிதனின் சொல்லுக்காக அனைவரும் காத்திருக்கும் ஆட்சியின் கேட்டினை, நூறு பக்கப் பாடத்தைவிட இக்காட்சி எளிதாக உணர்த்திவிடுகிறது.

இதனோடு படத்தில் இல்லாத ஒரு செய்தியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். படையெடுப்பு தோற்றுவிட்டால் வெளியிடுவதற்காக ஐசனோவர் ஒரு சிறு குறிப்பை முன்கூட்டியே தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். வீரர்கள் கடமையைச் செய்தனர், பழி எதுவாயினும் அது தம் ஒருவருடையதே என்பது அதன் சாரம். எழுதும்போது இருந்த மன அழுத்தத்தில், தேதியை ஜூன் என்பதற்குப் பதிலாக ஜூலை எனக் குறித்துவிட்டார். தலைமைத்துவம் பற்றி மாணவர்க்குக் கற்பிக்க இதனினும் சிறந்த ஆவணம் எனக்குத் தெரியவில்லை.

சாட்சி தடுமாறும் இடங்கள்

இனி, குறுக்கு விசாரணைக்கு வருவோம்.

முதலில் நடிகர்களின் வயது. வான்குடைப் படைத் தலைவர் பெஞ்சமின் வாண்டர்வூர்ட்டாக நடித்த ஜான் வெய்னுக்குப் படப்பிடிப்புத் தொடங்கிய 1961-இல் வயது 54. உண்மையான வாண்டர்வூர்ட்டுக்கு அந்நாளில் வயது 27 மட்டுமே, சரிபாதி! புகழ்பெற்ற நடிகர்களைத் திரட்டியதால், போர் என்பது நடுத்தர வயதினரின் தொழில் என்ற எண்ணம் பார்ப்போர் மனத்தில் பதிகிறது. களத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். நம் ஐந்தாம் படிவ மாணவர்களைவிட ஓரிரு வயதே மூத்தவர்களும் அவர்களுள் இருந்தனர். இதைச் சொன்னவுடன் வகுப்பறையில் ஏற்படும் அமைதியை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்து, புவாண்டு டியோக் எனும் செங்குத்தான குன்று. ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள அக்குன்றின் மேல், கடற்கரைகளைத் தாக்கவல்ல பீரங்கிகள் இருப்பதாக நேச நாட்டினர் நம்பினர். அவற்றை அழிக்க ஜேம்ஸ் ரடர் தலைமையில் 225 அமெரிக்க ரேஞ்சர் வீரர்கள் கயிறுகளையும் ஏணிகளையும் பற்றிக்கொண்டு, குண்டு மழைக்கிடையே ஏறினர். மேலே பீரங்கிகள் இல்லை. இவ்வளவு தூரம் வந்தது வீணா என்று ஒரு வீரர் கேட்பதோடு படத்தில் அக்காட்சி முடிந்துவிடுகிறது. போரின் வீண்தன்மையை உணர்த்தும் உருக்கமான முடிவுதான். ஆனால், வரலாறு அங்கே முடியவில்லை. குண்டுவீச்சிலிருந்து காப்பாற்ற ஜெர்மானியர் அப்பீரங்கிகளை உள்நாட்டுப் பகுதிக்கு நகர்த்தி மறைத்து வைத்திருந்தனர். அன்று காலையிலேயே ரேஞ்சர் வீரர்கள் இருவர் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்துச் செயலிழக்கச் செய்தனர். இரண்டு நாள் போருக்குப் பிறகு, வந்த 225 பேரில் ஏறத்தாழ 90 பேரே ஆயுதம் ஏந்தும் நிலையில் இருந்தனர். அவர்கள் வந்தது வீணன்று. காட்சியை அழகாக முடிப்பதற்காக, இறந்தவர்களின் உழைப்பைப் படம் பறித்துக்கொண்டது என்றே நான் சொல்வேன்.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. கிளைடர் எனும் இயந்திரமில்லா வானூர்திகளில் இறங்கி, இன்று 'பெகாசஸ் பாலம்' எனப்படும் பாலத்தைக் கைப்பற்றிய மேஜர் ஜான் ஹாவர்டாக நடித்தவர் ரிச்சர்ட் டாட். அவர் உண்மையாகவே அன்றிரவு பிரிட்டிஷ் வான்குடை வீரராக நார்மண்டியில் குதித்தவர். ஹாவர்டுக்குத் துணையாக அதே பாலத்தில் நின்றவர். எனவே, இப்படம் முழுவதும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. முழுவதும் உண்மை என்று ஏற்றுக்கொள்ளவும் முடியாது. ஒவ்வொரு காட்சியையும் தனித்தனியே எடைபோட வேண்டியுள்ளது.

திரையில் இடம் பெறாதவர்கள்

சொன்னதில் உள்ள பிழையைவிடச் சொல்லாமல் விட்டதே பெரிது. நார்மண்டிப் பொதுமக்கள் இப்படத்தில் பெரும்பாலும் மகிழ்ந்து வரவேற்பவர்களாகவும் துணிந்து உதவுபவர்களாகவும் வருகின்றனர். அப்படிப்பட்டவர்கள் இருந்தது உண்மையே. ஆயினும், நார்மண்டிப் போரில் ஏறத்தாழ 20,000 பொதுமக்கள் உயிரிழந்தனர். அவர்களில் மிகப் பலரைக் கொன்றவை, அவர்களை விடுவிக்க வந்த நேச நாடுகளின் குண்டுகளே. கான் நகரம் ஜூன் 6 முதலே குண்டுவீச்சுக்கு ஆளாகிச் சிதைந்தது. விடுதலைக்கு அவர்கள் தந்த அவ்விலை திரையில் இல்லை.

கறுப்பின வீரர்களும் திரையில் இல்லை. தாழப் பறக்கும் எதிரி விமானங்களைத் தடுப்பதற்காகக் கடற்கரையில் பெரும் பலூன்களைப் பறக்கவிட்ட 320-ஆவது பலூன் படைப்பிரிவு, கறுப்பின அமெரிக்கர்களைக் கொண்டது. அதன் மருத்துவப் பணியாளர் வேவர்லி வுட்சன், தாம் காயமுற்ற நிலையிலும் ஒமாஹா கடற்கரையில் பல மணி நேரம் ஓய்வின்றிக் காயம்பட்டோரைக் காப்பாற்றினார். அவர் 2005-இல் காலமானார். அமெரிக்கத் தரைப்படையின் இரண்டாவது உயரிய வீரவிருது அவருக்கு அறிவிக்கப்பட்டது 2024-இல், எண்பது ஆண்டுகள் கழித்து.

இது நமக்கு அயலார் கதையன்று. இதே போரைப் பற்றி 1957-இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை நினைத்துப் பாருங்கள். சயாம்–பர்மா ரயில் பாதைக்கான பாலத்தைப் பிரிட்டிஷ் போர்க்கைதிகள் கட்டுவதாக அதில் காட்டப்படுகிறது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களே எண்ணிக்கையில் மிகுதியாக உழைத்தனர். மிகுதியாக மடிந்தவர்களும் அவர்களே. சயாம் மரண ரயில் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். ஆனால், உலகமே பார்த்த அந்தப் படத்தில் அவர்களுக்கு முகமில்லை. திரையில் முகமில்லாதவர்கள் காலப்போக்கில் நினைவிலும் முகமற்றவர்களாகி விடுகின்றனர். போர்ப்படங்களைப் பற்றிப் பிள்ளைகளோடு பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

வீட்டிலும் வகுப்பிலும் கேட்கத்தக்க மூன்று கேள்விகள்

படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, இக்கதையைச் சொல்பவர் யார், எந்த ஆண்டில், யாருக்காகச் சொல்கிறார்? இரண்டாவது, இக்காட்சி உண்மைதானா என்பதை அறிய வேறு எந்தச் சான்றைத் தேடலாம்? மூன்றாவது, அந்த இடத்தில் இருந்தும் திரையில் வராதவர்கள் யார்?

மூன்றாவது கேள்விக்கு விடை தேடும் பணி உலகில் இன்றும் நடைபெறுகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பெட்போர்டு எனும் சிற்றூரில் உள்ள நினைவகத்தினர், ஜூன் 6 அன்று இறந்த நேச நாட்டு வீரர்களின் பெயர்களை ஆவணங்களில் ஒவ்வொன்றாகத் தேடித் திரட்டினர். உறுதி செய்யப்பட்ட பெயர்கள் 4,400-க்கும் மேற்பட்டவை. 'ஆயிரக்கணக்கானோர்' என்று சொல்லிக் கடந்துவிடாமல், ஒவ்வொருவரையும் பெயரோடு எழுதி வைத்த பணி அது.

சயாமுக்குச் சென்று திரும்பாத நம்மவர்களுக்கு அத்தகைய முழுமையான பெயர்ப்பட்டியல் இல்லை. ஆனால், பல குடும்பங்களில் ஒரு பெயரேனும் இருக்கும். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு போர்ப்படம் பாருங்கள். பிறகு, தாத்தாவிடமோ பாட்டியிடமோ அவர்களை அழைத்துச் சென்று, அந்தக் காலத்தில் நம் குடும்பத்தில் யார் போனார், யார் திரும்பவில்லை என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டதை அன்றே, பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.