மருந்தும் ஏடும்

மலைநாட்டுத் தோட்டங்களில் ஏடுகளுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. கொழுந்தின் நிறைக்கு ஓர் ஏடு. பேர் போடுவதற்கு ஓர் ஏடு. கடனுக்கு ஓர் ஏடு. தொழிலாளியைக் கங்காணியின் கடனோடு பிணைத்த துண்டு முறையை ஒழிக்க 1921ஆம் ஆண்டில் தனிச் சட்டமே தேவைப்பட்டது. உழைப்பை இத்துணை நுணுக்கமாக அளந்த கை, உழைப்பவன் விழுங்கிய மருந்தையும் அவ்வாறு அளந்ததா?

கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனச் சட்டம் பிறந்தது. 1912இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. ஆயினும் சட்டத்தின் எழுத்து வேறு, லயத்து வாழ்வு வேறு. புட்டியில் இருப்பது என்ன, அதைச் சோதித்தவர் யார் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு இருக்கவில்லை.

அந்த உரிமையை நாட்டின் கொள்கையாக்க முனைந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. இடதுசாரித் தலைவர் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் அவர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, அரச மருந்துக் கூட்டுத்தாபனம் எழுந்தது. தனியார் துறையில் இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயர்களின் மயக்கம் நீங்கினால்தான் மருந்தைக் கணக்கிடவும் சோதிக்கவும் இயலும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1977இல் அவர் மறைந்தார். அவ்வாண்டே திறந்த பொருளாதாரம் நுழைந்தது. மருந்துகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அதிகாரசபைக்கான சட்டம் நிறைவேற 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று அவ்வேடுகளைக் கணினியிடம் ஒப்படைக்கிறோம். இதில் தவறில்லை. மருந்துச் சோதனைக் கூடத்தைத் தணிக்கை செய்ய வருபவர், ஒரு தொகுதி இலக்கத்தைச் சுட்டி, அதன் மாதிரி எப்போது வந்தது, எந்தக் கருவியில் எவர் சோதித்தார், முடிவு என்ன, பின்னர் அதை எவரேனும் மாற்றினரா என்று கேட்பார். கட்டுக் கட்டாய்க் கிடக்கும் தாள்களில் நாட்கணக்கில் தேட வேண்டியதை இயந்திரம் நொடியில் அடுக்கித் தரும்.

ஆனால் இயந்திரத்துக்கு மனச்சாட்சி இல்லை. 2021 ஜூலையில், அந்த அதிகாரசபையின் பெருந்தொகை மருந்து ஆவணங்கள் அரசின் கணினித் தொகுதியிலிருந்தே அழிந்தன. தாளை அரிக்கக் கறையானுக்கு ஆண்டுகள் வேண்டும்; இங்கோ அவ்வளவு காலம் தேவைப்படவில்லை. ஆவணங்கள் அழியாதிருப்பினும் பொய்யாக இருக்கக்கூடும். போலி ஆவணங்களோடு தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து கொள்வனவு செய்யப்பட்டது என்னும் வழக்கில், முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதானார்.

இவை கொழும்பின் விவகாரங்கள் என்று மலைநாடு ஒதுங்கிவிட முடியாது. 2023 ஏப்ரலில், நுவரெலியா மருத்துவமனையில் கண் அறுவைச் சிகிச்சை பெற்றோர் சிலர், இறக்குமதியான பிரெட்னிசலோன் கண்துளி மருந்தினால் நோய்த்தொற்றுக்கு ஆளாகிப் பார்வை பாதிக்கப்பட்டனர். இத்தகைய வேளையில் எழும் முதற் கேள்வி, அதே தொகுதிப் புட்டிகள் வேறெங்கு சென்றன என்பதே. ஏடு ஒழுங்காக இருந்தால் அடுத்த மருத்துவமனையில் புட்டி திறக்கப்படுமுன் தடுக்கலாம். தேடிக்கொண்டிருந்தால் மற்றொருவர் கண் போகும்.

ஆகவே, கணினி வேண்டும். அதன் காப்புப் பிரதி வேறிடத்தில் வேண்டும். எழுதியவர், திருத்தியவர் பெயர் அழியாதிருக்க வேண்டும். இவற்றுக்கும் மேலாக, சோதனை முடிவு மக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். தன் கொழுந்தின் நிறையைத் தராசடியில் நின்று பார்க்கும் உரிமைக்காகப் போராடிய மக்கள், தம் மருந்தின் தரத்தையும் பார்க்கக் கேட்பது சலுகையன்று, நியாயம்.