வைக்கோலை விட்டுப்போன மெஷின்

திருமழிசைன்னா இன்னைக்குப் பலருக்கும் தொழிற்பேட்டைதான் ஞாபகம் வரும். திருவள்ளூர் பக்கம் போனா நெல்வயல் இன்னும் இருக்கு. அந்த வயலோட வைக்கோல் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

அரிவாளால் அறுத்த காலத்தில் நெல்லும் தாளும் சேர்ந்தே களத்துக்கு வந்தன. 1966-இல் வெளியான ஐ.ஆர்.8 குட்டை ரகம். மகசூல் கூடியது, தாளின் உயரம் குறைந்தது. பிறகு வந்த அறுவடை மெஷின் நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலை வயலிலேயே விட்டது. அதைச் சுருட்டிக் கட்ட வந்ததுதான் பேலர்.

அதனால் மெஷின் பேசும்போது மணிக்கு எவ்வளவுன்னு மட்டும் கேட்காதீங்க. எவ்வளவு தாழ்வா அறுக்கும்னும் கேளுங்க. உயர அறுத்தால் பாதித் தாள் கட்டையாக வயலிலேயே நின்றுவிடும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். வாடகையில் மிச்சம் பிடித்தது தீவனச் செலவில் போய்விடும்.