பத்திரிகை கைமாறும்போது: கொழும்பு வரலாற்றிற் சில பக்கங்கள்

இக்காலத்து மாணவர் தம்முள் அளவளாவும்போது கணினி விளையாட்டுகளைப் பற்றியும் அவற்றை வெளியிடும் நிறுவனங்களைப் பற்றியும் பேசக் கேட்கிறோம். 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் அக்டிவிசன் பிளிசார்ட் நிறுவனத்தை ஏறக்குறைய 6,870 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியபோது, தாம் சிறு பிராயந்தொட்டு ஆடிவந்த விளையாட்டுகள் இனி என்னாகுமோ என்று பலர் கவன்றனர். அக்கவலை காரணமற்றதன்று. 'கொமாண்ட் அன்ட் கொங்கர்' என்னும் போர் விளையாட்டை ஆக்கிய வெஸ்ட்வுட் நிறுவனத்தை 1998இல் எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் வாங்கிற்று, 2003இல் மூடிற்று. விளையாட்டின் பெயர் வாங்கியவரிடம் தங்கியது. அதனை ஆக்கியோருட் சிலர் வெளியேறிப் பெட்ரோகிளிப் என்னும் வேறொரு நிறுவனத்தை அமைத்தனர். 2020இல் அப்பழைய விளையாட்டைப் புதுக்கி வெளியிட்டபோது, பெயருக்கு உரியவர் அந்தப் பழைய கைகளையே நாடவேண்டியதாயிற்று.

பெயர் ஒருவரிடமும், அதனை அன்புக்குரியதாக்கிய உழைப்பு வேறொருவரிடமுமாகப் பிரியும் இந்நிலை புதியதன்று. கணினி தோன்றுமுன்னரே நமது கொழும்பு மாநகரிற் பத்திரிகைகளுக்கு இது நேர்ந்துள்ளது. அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவாம்.

இலங்கையிற் பத்திரிகைகளை வாங்கி வளர்த்தவர்களுள் முதல்வராக எண்ணத்தக்கவர் டி. ஆர். விஜேவர்தன. எச். எஸ். பெரேரா 1909இல் தொடங்கிய 'தினமின' என்னும் சிங்கள நாளிதழை அவர் 1914இல் வாங்கினார், பெயரை மாற்றவில்லை. கொச்சிக்கடையிலுள்ள பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லாற் புதுக்கிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் முதலியோரின் முயற்சியாற் பிறந்த 'சிலோனீஸ்' என்னும் ஆங்கிலப் பத்திரிகை 1917இல் அவர் கைக்கு வந்தது. அதன் பெயரோ நிலைக்கவில்லை; 1918ஆம் ஆண்டு ஜனவரியில் 'சிலோன் டெயிலி நியூஸ்' என்ற புதுப் பெயருடன் அது வெளிவந்தது. 1834ஆம் ஆண்டு முதல் வழங்கிவந்த 'ஒப்சேவர்' 1923இல் வாங்கப்பட்டபோது பழைய பெயரே காக்கப்பட்டது. வாசகர் நெஞ்சில் வேரூன்றிய பெயர் விலை பெற்றது. வேரூன்றாத பெயர் உதிர்ந்தது. விஜேவர்தன நல்ல வணிகர். இராமநாதன் முதலியோரின் 'சிலோனீஸ்' இன்று ஆராய்ச்சியாளருக்கன்றி வேறெவர்க்கும் நினைவில்லை.

பேரை வாவிக் கரையில் எழுந்த மாளிகையால் 'லேக் ஹவுஸ்' என்றழைக்கப்பட்ட அந்நிறுவனம் 1932ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் 'தினகரன்' என்னும் தமிழ் நாளிதழைத் தொடங்கிற்று. அதற்கு ஈராண்டு முன்னரே, 1930 ஓகஸ்டில், பெரி. சுப்பிரமணியம் செட்டியார் 'வீரகேசரி'யைத் தொடங்கியிருந்தார். தமிழகத்து மறுமலர்ச்சி எழுத்தாளர் வ.ரா. சிலகாலம் கொழும்பில் வந்திருந்து அதன் ஆசிரியப் பணியாற்றினார். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் இல்லங்களில் நெடுங்காலம் இவ்விரண்டுமே காலை வேளையின் துணைகள்.

தினகரனின் பொற்காலம் எதுவென வினவின், இலக்கிய அன்பர் பலரும் 1959 முதல் 1961 வரையுள்ள காலத்தையே சுட்டுவர். அப்போது ஆசிரியராயிருந்த க. கைலாசபதி இருபத்தாறு வயதினர். ஈழத்து மண்ணையும் மாந்தரையும் எழுதுக என அவர் ஊக்கியமையால், தென்னிந்திய இதழ்களையே பார்த்துப் பழகிய நம் எழுத்தாளர் தம் ஊர்ப் பேச்சையும் தம் ஊர்த் துயரையும் கதைகளில் அச்சமின்றி வைத்தனர். இளங்கீரனின் 'நீதியே நீ கேள்' தொடராக வெளிவந்தது அவ்விதழிலேதான். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. முதலாளித்துவத்தை வன்மையாகக் கண்டித்த ஓர் இளைஞருக்கு, நாட்டின் மிகப் பெரிய முதலாளித்துவப் பத்திரிகை நிறுவனமே அவ்விடத்தை அளித்தது. உடைமையாளரின் கொள்கையை மட்டும் கொண்டு ஒரு பத்திரிகையின் இயல்பை முடிவுகட்டலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எமக்குத் தெரியாது.

லேக் ஹவுசை அரசுடைமையாக்கும் எண்ணம் முதலில் 1964இல் எழுந்தது. அம்மசோதாவை எதிர்த்து சி. பி. டி சில்வா தம் குழுவினருடன் அரசை விட்டு விலகினார். டிசம்பர் 3ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் 74க்கு 73 என்ற வாக்குகளில், ஒரேயொரு வாக்கினால் வீழ்ந்தது. ஒன்பதாண்டு கழிந்து, 1973ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அவ்வெண்ணம் நிறைவேறிற்று. பங்குகளில் நூற்றுக்கு 75 பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் ஏகபோகத்தை உடைத்தல் வேண்டும் என்றனர் ஆதரித்தோர். கருத்துச் சுதந்திரம் மடியும் என்றனர் எதிர்த்தோர். முன்னையோர் கூறிய குறை மெய்யே. அவர்கள் கண்ட பரிகாரத்தால் ஏகபோகம் உடையவில்லை, இடம் மாறியது.

ஆயினும் தினகரனின் முகம் மறுநாளே மாறிவிடவில்லை. 1961இல் ஆசிரியப் பொறுப்பேற்ற இ. சிவகுருநாதன் கைமாற்றத்தின் பின்னரும் அதே நாற்காலியில் இருந்தார். மூன்று தசாப்தங்களுக்கு மேல் அப்பணியில் நிலைத்தார். ஞாயிற்றுக்கிழமை வாரமஞ்சரியிற் சிறுகதையும் கவிதையும் தொடர்ந்தன. புதிய எழுத்தாளர் தொடர்ந்து இடம்பெற்றனர். மாறியது முதற்பக்கம். ஆட்சியிலிருப்போரின் குறையைச் சொல்லும் குரல் அங்கே அடங்கியது. அரசாங்கம் மாறுந்தோறும் பணிப்பாளர் சபை மாறியது. பணிப்பாளர் சபை மாறுந்தோறும் போற்றப்படுவோரும் மாறினர். எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ஞாயிறு தோறும் இரண்டு பத்திரிகைகள் வரும். செய்திக்கு வீரகேசரி, கதைக்குத் தினகரன் என்பது என் தந்தையாரின் பங்கீடு. இனக் கலவர ஆண்டுகளில் அப்பங்கீட்டைப் பல வீடுகளிற் கண்டேன். ஒரே பத்திரிகையின் ஒரு பக்கத்தை நம்பியும் மறு பக்கத்தை நம்பாமலும் வாசிக்கும் பயிற்சி அக்காலத் தமிழருக்கு இயல்பாகிவிட்டது.

கைமாறாமற் பூட்டப்பட்ட பத்திரிகைகளின் கதை வேறு. எம். டி. குணசேன குடும்பத்தாரின் நிறுவனம் 1966இல் 'தினபதி'யைத் தொடங்கிற்று; வார இதழ் 'சிந்தாமணி'. இரண்டுக்கும் எஸ். டி. சிவநாயகம் ஆசிரியர். நாளொரு சிறுகதை வெளியிடும் திட்டத்தைத் தினபதியில் நடத்தியவர் அவர். அத்திட்டத்தால் முதன்முதல் தம் பெயரை அச்சிற் கண்ட இளைஞர் பலர். 1974 ஏப்ரலில் அவசரகால விதிகளின் கீழ் அந்நிறுவனத்தின் அச்சகம் முத்திரையிடப்பட்டது. 1977இலேயே மீண்டும் திறந்தது. மூன்றாண்டு இடைவெளியில் வாசகர் வேறு பழக்கங்களைக் கொண்டுவிட்டனர். பத்திரிகை திரும்பி வந்தும் பழைய வீறு முழுதும் திரும்பவில்லை என்பதே எம் எண்ணம்.

இதே காலத்தில், தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால், வீரகேசரி மலிவு விலையில் ஈழத்து நாவல்களை வெளியிடலாயிற்று. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யும் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்'றும் 1973இல் அவ்வாறு வெளிவந்தவையே. லேக் ஹவுஸ் அரசின் கைக்குச் சென்ற அதே ஆண்டில், தினகரன் ஊக்கி வளர்த்த மண்வாசனை எழுத்துக்குப் போட்டியாளரின் அச்சகம் நூல்வடிவம் தந்தமை கவனிக்கற்பாலது.

லேக் ஹவுசை இழந்த குடும்பமும் ஓய்ந்துவிடவில்லை. டி. ஆர். விஜேவர்தனவின் மைந்தர் ரஞ்சித் விஜேவர்தன வேறு நிறுவனம் அமைத்தார். 1977இல் அரசின் கைக்குச் சென்று பின்னர் கலைக்கப்பட்ட டைம்ஸ் நிறுவனத்தின் பெயர்களை வாங்கி, 'சண்டே டைம்ஸ்' இதழை 1987இல் மீண்டும் வெளிக்கொணர்ந்தார். தந்தை செய்ததையே மைந்தரும் செய்தார்: வாசகர் மறவாத பெயரொன்றைத் தேடி வாங்கினார். வெஸ்ட்வுட்டிலிருந்து வெளியேறியோர் கைத்திறனைக் கொண்டுசென்று பெயரை விட்டுச்சென்றனர். இவரோ பிறருடைய பெயரை வாங்கித் தம் குடும்பத் திறனை அதில் ஏற்றினார்.

1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு கூறும் உண்டு. அரசு பொறுப்பேற்ற பங்குகள் காலப்போக்கிற் பொதுமக்களிடையே பரவலாக விற்கப்படும் என்பதே அது. அச்சட்டத்தை இயற்றிய கட்சியினரும் ஆண்டனர், அதனை எதிர்த்த கட்சியினரும் ஆண்டனர். அரை நூற்றாண்டு கடந்தும் அவ்விற்பனை நடைபெறவில்லை.