2147483647

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இரண்டின் 31ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண். இப்படி இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்து வரும் மெர்சென் பகா எண்களில் எட்டாவது. அடுக்கான 31 தானும் மெர்சென் பகா எண்ணே. இத்தகைய இரட்டை மெர்சென் பகா எண்களில் இதுவரை அறியப்பட்டவை நான்குதான்: 7, 127, இந்த எண், இரண்டின் 127ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்.

இது பகா எண் என்பதை கணிதவியலாளர் லியோனார்ட் ஆய்லர் 1772இல் அறிவித்தார். அப்போது அவர் பார்வையை ஏறக்குறைய முழுமையாக இழந்திருந்தார். நேர்வழியில் சோதிப்பதானால், இதன் வர்க்கமூலமான ஏறத்தாழ 46,341 வரையிலுள்ள நாலாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் இதற்குப் பகாக் காரணி இருந்தால், அதை 62ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். 8ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இரண்டையும் இணைத்தால், 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 தரும் பகா எண்களே மிஞ்சும். சோதிக்க வேண்டியவை நூற்றுக்கும் கீழே இறங்கிவிடுகின்றன. எண் கோட்பாட்டின் அழகுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேடுவது கடினம்.

2147483647ஐ இரண்டின் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 என்னும் நிறைவெண் கிடைக்கும். தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகை அதற்கே சமம்.

கணினியில் குறியுடன் கூடிய 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பும் 2147483647தான். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இத்தகைய முழு எண்ணில் எண்ணும் கணினிக் கடிகாரங்கள், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8:44:07க்கு இவ்வெல்லையைத் தொடும்.