உத்தியோகத்தின் கதை – 5: காலியிடம் யார் கையில்?

128 பேரில் 93 பேர். சென்ற வாரம் இந்தக் கணக்கோடு நிறுத்தியிருந்தோம். 1913-ல் சென்னை ராஜதானியில் நிரந்தரமாக்கப்பட்ட ஜில்லா முன்சீப்புகள் 128 பேர். அவர்களில் பிராமணர்கள் 93 பேர். பிராமணரல்லாத இந்துக்கள் 25 பேர். மற்ற எல்லோருக்கும் சேர்த்து மிச்சம் பத்து. 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கையில் ஏறி, ராஜதானி முழுக்கப் பேசப்பட்ட எண் இது. நான்கே வருடத்தில் பிராமணரல்லாதாரின் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1921 செப்டம்பர் 16-ம் தேதி முதல் கம்யூனல் ஜி.ஓ.வும், அதாவது வகுப்புவாரி அரசாணையும், வந்தது. இனி எல்லாம் மாறிவிடும் என்றுதான் ஊரே நினைத்தது.

அந்த ஜி.ஓ.வை இன்று எடுத்துப் படித்தால் ஏமாற்றமாக இருக்கும். யாருக்கு எத்தனை இடம் என்று அதில் ஒரு வரி கிடையாது. வருவாய்த் துறையில் ஏற்கனவே இருந்த 128-ம் எண் நிலையாணையை எல்லாத் துறைகளுக்கும் நீட்டிக்கிறோம் என்கிறது, அவ்வளவுதான். அந்த நிலையாணையோ 1854-ல் பிறந்தது. ஜில்லாவின் கீழ்நிலை உத்தியோகங்களைச் செல்வாக்குள்ள சில குடும்பங்களே வளைத்துக்கொள்ளாமல் கலெக்டர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று அது சொன்னது. அறுபத்தேழு வருடம் கழித்து அதையே மறுபடி சொல்ல வேண்டிவந்தது என்றால், அது எந்த அழகில் நடைமுறையில் இருந்தது என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கலெக்டர்கள் ஏன் கவனமாக இருக்க முடியவில்லை? கச்சேரிக்குள், அதாவது கலெக்டர் அலுவலகத்துக்குள், கொஞ்சம் எட்டிப் பார்த்தால்தான் இது புரியும். ஒரு குமாஸ்தா இடம் காலியாகிறது. பத்திரிகையில் விளம்பரம் கிடையாது, பரீட்சை கிடையாது. இடம் காலியான சேதி முதலில் தெரிவது உள்ளே இருப்பவர்களுக்கு. அவர்களில் ஒருவருடைய தம்பியோ மருமகனோ ஏற்கனவே அங்கே ‘வாலண்டியர்’ என்ற பெயரில் சம்பளமில்லாமல் நகல் எழுதிக்கொண்டிருப்பான். கையெழுத்து பழகிவிட்டது, வேலையும் பழகிவிட்டது. அவனை விட்டால் தகுதியான ஆள் யார் என்று அலுவலகத்தின் தலைமை உத்தியோகஸ்தரான சிரஸ்தார் கேட்டால், கலெக்டர் துரையிடம் பதில் இருக்காது. முதலில் ‘ஆக்டிங்’, கொஞ்ச நாளில் நிரந்தரம். துரைமார் சில வருடங்களில் வேறு ஜில்லாவுக்கு மாறிப்போவார்கள். சிரஸ்தார் அங்கேயே இருப்பார். கையெழுத்து கலெக்டருடையது, தேர்வு சிரஸ்தாருடையது.

இதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை என்பதுதான் இதன் பலம். லஞ்சம் வாங்கினால் பிடிக்கலாம். தெரிந்த பையனுக்குத் தெரிந்த வேலையைக் கொடுத்ததை எந்த விதியை வைத்துப் பிடிப்பது?

1921 ஜி.ஓ. இந்த ஏற்பாட்டைத் தொடவே இல்லை. அரையாண்டுக்கு ஒருமுறை எந்த வகுப்பாரில் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தீர்கள் என்று பட்டியல் அனுப்பச் சொன்னது. 1922-ல் இன்னொரு ஜி.ஓ. போட்டு அதையே வலியுறுத்தினார்கள். பட்டியல் கேட்கும் கை சென்னையில் இருந்தது. ஆளைப் பொறுக்கும் கை அலுவலகத்துக்கு அலுவலகம் பழைய கையாகவே இருந்தது. நீதிக்கட்சியின் முதல் மந்திரி பனகல் அரசருக்கு இது புரிந்துவிட்டது. 1924-ல் அவருடைய ஆட்சி ஊழியர் தேர்வு வாரியம் ஒன்றை ஏற்படுத்தியது. ஆளைத் தேடும் வேலையை அலுவலகத்துக்கு வெளியே கொண்டுவரும் முதல் முயற்சி அது. நீதிக்கட்சி ஆட்சியின் சாதனைகளைப் பேசுகிறவர்கள் ஜி.ஓ.க்களைத்தான் முதலில் சொல்வார்கள். நான் இந்த வாரியத்தை அவற்றுக்கு மேலே வைப்பேன்.

வாரியம் காலூன்றுவதற்குள் 1926 தேர்தல் வந்தது. நீதிக்கட்சி தோற்றது!

போட்ட அஸ்திவாரம் அப்படியே போயிருக்க வேண்டும். போகவில்லை. சுயராஜ்யக் கட்சி ஆட்சியமைக்க மறுத்ததால், குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயன் எந்தக் கட்சியையும் சேராத மந்திரிசபை ஒன்றை அமைத்தார். 1927 நவம்பர் 4-ம் தேதி புதிய கம்யூனல் ஜி.ஓ. பிறந்ததும் அவருடைய காலத்தில்தான். 1928-ல் மந்திரியான எஸ். முத்தையா முதலியார், தம் பொறுப்பில் இருந்த பதிவுத் துறையில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

இந்த முறை ஜி.ஓ.வில் எண் இருந்தது. பன்னிரண்டு இடம் ஒரு சுற்று. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. சுற்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு காலியிடம் யாருடைய முறை என்பதை இனிமேல் யாரும் யாருக்கும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை, பதிவேடே சொல்லிவிடும். அதே சமயம் தாழ்த்தப்பட்டோருக்குப் பன்னிரண்டில் ஒன்று என்பது அநியாயமாகக் குறைவு. பிற்படுத்தப்பட்ட சாதிகளுக்கோ தனிப் பங்கே இல்லை; ‘பிராமணரல்லாத இந்துக்கள்’ என்ற பெரிய கூட்டத்துக்குள் அவர்கள் முன்னேறிய சாதிகளோடு போட்டியிட வேண்டியிருந்தது.

முறை சொல்லப் பதிவேடு வந்துவிட்டது. அந்த முறைக்குரிய ஆளை எடுப்பது யார்?

1929-ல் சென்னைச் சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்களோடு சென்னை சர்வீஸ் கமிஷன் உருவானது. இந்தியாவில் ஒரு மாகாணம் தனக்கென்று அமைத்துக்கொண்ட முதல் தேர்வாணையம் அதுதான். மத்திய அரசுக்கே 1926 அக்டோபரில்தான் சர் ராஸ் பார்க்கர் தலைமையில் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் வந்திருந்தது. மாகாணங்களும் தேர்வாணையம் வைத்தாக வேண்டும் என்ற ஏற்பாடு 1935 இந்திய அரசுச் சட்டத்தில்தான் வந்தது. சென்னை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கஞ்சத்திலிருந்து மலபார் வரை, திருநெல்வேலி வரை, சிரஸ்தாரைத் தெரியாத வீட்டுப் பையனும் மனுப் போடுவதற்கு ஒரு விலாசம் கிடைத்தது. 1937 ஏப்ரல் 1 முதல் அது சென்னை பப்ளிக் சர்வீஸ் கமிஷன் ஆனது. இன்று குரூப் 1, குரூப் 4 என்று லட்சக்கணக்கானோர் எழுதும் டி.என்.பி.எஸ்.சி. இதன் நேர் வாரிசு.

போர்க்காலத்தைத் தாண்டி 1947-க்கு வருவோம். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் சுற்று பன்னிரண்டிலிருந்து பதினான்கானது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. பிற்படுத்தப்பட்டோர் முதல்முறையாகத் தனிப்பெயரில் பங்கு பெற்றார்கள். இருபது வருடம் தாமதமானாலும் திருத்தம் சரியானதே.

1949 டிசம்பரில் கமிஷன் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. காலியிடம் 83. பதவி? ஜில்லா முன்சீப். 128-ல் 93 என்று பெரும் சண்டையைக் கிளப்பிய அதே பதவி! இந்த முறை ஒதுக்கீடு இப்படி: ஹரிஜனங்கள் 19, முஸ்லிம்கள் 5, கிறிஸ்தவர்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 10, பிராமணரல்லாத இந்துக்கள் 32, பிராமணர்கள் 11. மனுக்கள் குவிந்தன. வழக்கமான தேர்வுதான், வழக்கமான சுற்றுதான் என்றே எல்லோரும் இருந்தார்கள்.

ஆனால் 1950 ஜனவரி 26-ம் தேதி அரசமைப்புச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. அரசு வேலையில் எல்லாக் குடிமக்களுக்கும் சம வாய்ப்பு, சாதியையோ மதத்தையோ மட்டும் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்றது அதன் 16-வது பிரிவு. பழைய ஆட்சியில் வெளியான அறிவிப்பு, புதிய சட்டத்தின் கீழ் முடிக்க வேண்டிய தேர்வு!

மனுப் போட்டவர்களில் வெங்கடரமணா என்ற பிராமண வழக்கறிஞரும் ஒருவர். வகுப்பு பார்க்காமல் எடுத்தால் அவர் வாங்கிய மதிப்பெண்ணுக்கு வேலை நிச்சயம். ஆனால் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் நேரே டில்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே கல்லூரிச் சேர்க்கைக்கான கம்யூனல் ஜி.ஓ.வை எதிர்த்துச் சென்னையிலிருந்து செண்பகம் துரைராஜன் என்பவரின் வழக்கும் வந்து நின்றது. இரண்டுக்கும் 1951 ஏப்ரல் 9-ம் தேதி தீர்ப்பு.

(தொடரும்)