நாகப்பட்டினம் முதல் சிப்பாங் வரை



சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஆகாய வழி ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். விமானம் இதை நான்கு மணி நேரத்தில் கடக்கிறது. அதிகாலையில் பெரட்டுக்குப் போனவர் மரம் சீவிப் பால் நிறுத்துவதற்குள் அந்தப் பயணம் முடிந்துவிடும். இதே வழி நம் முன்னோருக்கு எப்படி இருந்தது?

பாய்மரக் காலத்தில் காற்றுதான் மாலுமி. தென்மேற்குப் பருவக்காற்று வங்கக்கடலில் கப்பலைக் கிழக்கே தள்ளும்; வடகிழக்குக் காற்று திரும்ப அழைத்துப் போகும். காற்று மாறும்வரை வணிகர்கள் மலாக்காவில் தங்கினார்கள். அப்படித் தங்கியவர்களின் வழிவந்தவர்களே மலாக்காச் செட்டிகள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களுடையது.

பின்பு நீராவிக் கப்பல் வந்தது. ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, கங்காணிகள் ஊருக்குப் போய் உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்து வந்தார்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா என்ற கப்பலை அறியாத தோட்டத்துப் பெரியவர் இல்லை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. முழுப் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம். ஏழைப் பயணிகளுக்கு மேல்தளமே படுக்கை. கரை சேர்ந்தாலும் உடனே தோட்டம் போக முடியாது. நோய்த் தடுப்பு முகாமில் தங்க வேண்டும்.

தாய் இறந்த செய்தி தந்தியில் வந்தால், மகன் கப்பலேறிப் போய்ச் சேருமுன் கருமாதியே முடிந்திருக்கலாம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்த பின், 1945 வரை கடிதப் போக்குவரத்தும் அற்றுப்போயிற்று. கடலின் நீளம் கூடவில்லை. பிரிவின் நீளம் கூடியது.

எழுபதுகளில் ரஜுலா ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். அதோடு கப்பல் பயணம் மறைந்து விமானமே வழியாயிற்று. 1965இல் சுபாங் விமான நிலையமும், 1998இல் சிப்பாங் விமான நிலையமும் திறக்கப்பட்டன. சிப்பாங் மலாக்காவுக்கு இன்னும் அருகில்.

மாணவர்களே, ஒரு கணக்கு. சென்னையில் காலை 10 மணிக்குப் புறப்பட்ட விமானம் இங்கே மாலை 4.30க்கு இறங்குகிறது. பயணம் ஆறரை மணி நேரமா? இல்லை. நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. கிழக்கே உள்ள நமக்குச் சூரியன் முதலில் உதிக்கிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி நாம் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளி வைத்தோம். அதற்கு முன் வேற்றுமை இரண்டு மணிதான்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. விமானம் எவ்வளவு விரைந்தாலும் கடப்பிதழ் இல்லாதவரை ஏற்றாது. கடப்பிதழுக்கு அடையாளக் கார்டு வேண்டும். அதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். பிறப்பைப் பதியாமல் விட்டதால், இந்த மண்ணில் பிறந்தும் பத்திரமின்றித் தவிப்பவர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நான்கு மணி நேரப் பயணமும் எட்டாத தூரமே. ஆகவே குழந்தை பிறந்தவுடன் பதிவு செய்யுங்கள். பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தக் கப்பலில், எந்த ஆண்டில் வந்தார்கள் என்பதை இன்றே கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் ஒரு பத்திரமே.